கம்பெனிக் கணக்கில் நீண்டகாலக் கடன்: புதிதாக வருகிறவர்களுக்கு

பினாங்கில் நம் ஆட்கள் நடத்தும் சென்டிரியான் பெர்ஹாட், அதாவது தனியார் லிமிடெட் கம்பெனிகள் நிறைய இருக்கின்றன. மசாலா, துணி, லாரிப் போக்குவரத்து, உணவகம், பிறையில் சின்னதாக ஒரு பட்டறை என்று பலவிதம். வருடக் கடைசியில் ஆடிட்டர் கணக்கைக் கொண்டுவந்து நீட்டும்போது முதலாளி கேட்பது பெரும்பாலும் லாபம் எவ்வளவு, வரி எவ்வளவு என்ற இரண்டு கேள்விதான், அப்புறம் கையெழுத்து. நடுவில் இருக்கும் கடன் பகுதியை யாரும் நின்று படிப்பதில்லை. எனக்கு இது உண்மையிலேயே கவலையாக இருக்கிறது, ஏனென்றால் கம்பெனி அடுத்த வருடத்தைத் தாங்குமா என்பது அந்தப் பகுதியில்தான் தெரியும், கையெழுத்துப் போட்ட டைரக்டரின் சொந்த வீடு வரை அது வந்து தொடக்கூடும். அக்கவுண்ட்ஸ் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும், அப்பாவின் கம்பெனியில் புதிதாக டைரக்டர் ஆனவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் கம்பெனி எந்தக் கணக்கு விதியில் இருக்கிறது? மலேசியாவில் தனியார் கம்பெனிகளில் பெரும்பாலானவை எம்.பி.இ.ஆர்.எஸ் என்ற விதித்தொகுப்பைப் பின்பற்றுகின்றன, அது 2016 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பங்குச் சந்தையான பர்சா மலேசியாவில் பட்டியலிட்ட கம்பெனிகளும் அவற்றின் துணை நிறுவனங்களும் எம்.எஃப்.ஆர்.எஸ் என்ற இன்னொரு விதித்தொகுப்பின் பக்கம். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான், ஆனால் வாடகை போன்ற சில இடங்களில் பெரிய வித்தியாசம் வரும், அதைப் பிறகு சொல்கிறேன். எந்த விதி என்பது கணக்குக் குறிப்புகளின் முதல் இரண்டு பக்கத்திலேயே எழுதியிருக்கும்.

கேட்க வேண்டிய ஒரே கேள்வி

ஐந்தொகையில், அதாவது பேலன்ஸ் ஷீட்டில், கடன்கள் இரண்டாகப் பிரிந்து நிற்கும். ஒன்று நடப்புக் கடன், இன்னொன்று நீண்டகாலக் கடன். வங்கி பத்து வருடத்துக்குக் கொடுத்தால் அது நீண்டகாலம், மூன்று மாதத்துக்குக் கொடுத்தால் நடப்பு என்று புதியவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். விதி அப்படிப் பார்ப்பதில்லை. கணக்கு முடியும் தேதியில் நின்றுகொண்டு கேட்க வேண்டும்: அடுத்த 12 மாதத்துக்கு இந்தப் பணத்தைக் கட்டாமல் இருக்கும் உரிமை கம்பெனிக்கு இருக்கிறதா? இருந்தால் நீண்டகாலம். இல்லையென்றால், எத்தனை வருடமாக அந்தக் கடன் ஓடிக்கொண்டிருந்தாலும், நடப்பு.

ஓவர்டிராஃப்டை, அதாவது கணக்கில் இருப்பதற்கு மேல் எடுத்துக்கொள்ள வங்கி தரும் ஓ.டி வசதியை, எடுத்துக்கொள்ளுங்கள். கடை திறந்த நாளிலிருந்து ஓ.டி கணக்கு இருக்கும், ஒரு நாளும் பூஜ்யத்துக்கு வந்திருக்காது, முதலாளிக்கு அது நிரந்தரப் பணம் மாதிரியே பழகிப்போயிருக்கும். ஆனால் வங்கி எப்போது வேண்டுமானாலும் திருப்பிக் கேட்கலாம். அதனால் அது முழுக்க நடப்புக் கடன். பேங்கர்ஸ் அக்செப்டன்ஸ், ரிவால்விங் கிரெடிட் போன்ற குறுகிய கால வியாபாரக் கடன் வசதிகளும் வழக்கமாக இந்தப் பக்கம்தான் வரும்.

காகிதங்களைச் சேர்ப்பது

கணினியைத் திறப்பதற்கு முன்னால் வங்கி கொடுத்த லெட்டர் ஆஃப் ஆஃபரை, அதாவது கடனின் விவரமும் நிபந்தனைகளும் இருக்கும் கடிதத்தை, தேடி எடுங்கள். பல கம்பெனிகளில் அது கணக்குப் பிரிவில் இருக்காது, முதலாளியின் மேசை இழுப்பறையிலோ வழக்கறிஞர் கொடுத்த உறையிலோ இருக்கும், கேட்டு வாங்க வேண்டும். கூடவே வருடக் கடைசி லோன் ஸ்டேட்மெண்ட், ஹயர் பர்ச்சேஸ் (தவணைமுறைக் கொள்முதல்) ஒப்பந்தங்கள், வாடகை ஒப்பந்தம், டைரக்டர் கம்பெனிக்குப் போட்ட பணத்துக்கு ஏதாவது எழுத்து இருந்தால் அது. அப்புறம் கம்பெனிகளைப் பதியும் ஆணையமான எஸ்.எஸ்.எம்மில் கம்பெனியின் பெயரில் பதிவாகியிருக்கும் சார்ஜ் பட்டியல். 2016 கம்பெனிச் சட்டப்படி, கம்பெனி தன் சொத்தை அடமானமாக வைத்தால் அந்தச் சார்ஜை 30 நாளுக்குள் எஸ்.எஸ்.எம்மில் பதிய வேண்டும். அந்தப் பட்டியலைக் கட்டணம் கட்டி யாரும் வாங்கலாம். புத்தகத்தில் இல்லாத கடன் அதில் தலைகாட்டினால் உடனே விசாரிக்க வேண்டும். அடைத்து முடித்த பழைய கடனின் சார்ஜ் நீக்கப்படாமல் கிடப்பதும் உண்டு. அடுத்த லோனுக்குப் போகும்போது அது குறுக்கே வரும், இப்போதே நீக்கச் சொல்லுங்கள்.

டெர்ம் லோனைப் பிரிப்பது

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பட்டர்வொர்த்தில் கிடங்கு வாங்க ஒரு மசாலா கம்பெனி 6,00,000 ரிங்கிட் டெர்ம் லோன், அதாவது குறித்த காலத்துக்குள் தவணையாகக் கட்டும் கடன், எடுக்கிறது. 10 வருடம், குறையும் நிலுவைக்கு வருடத்துக்கு 5 விழுக்காடு வட்டி, மாதத் தவணை. ஜனவரி தொடக்கத்தில் பணம் கைக்கு வந்தது, டிசம்பர் 31இல் கணக்கு முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை சுமார் 6,364 ரிங்கிட், 12 மாதத்துக்கு 76,367.

இங்கே இரண்டு தவறு அடிக்கடி நடக்கும். முதலாவது, தவணை கட்டக் கட்ட முழுத் தொகையையும் லோன் கணக்கில் கழித்துக்கொண்டே போவது. அப்படிச் செய்தால் வருடக் கடைசியில் புத்தகத்தில் 5,23,633 நிற்கும், வங்கி ஸ்டேட்மெண்டில் 5,52,555 நிற்கும். நடுவில் இருக்கும் 28,922 அந்த வருடத்து வட்டி. அது செலவில் போயிருக்க வேண்டும், போகவில்லை, அதனால் கடன் அந்த அளவு குறைவாகவும் லாபம் அதே அளவு அதிகமாகவும் தெரிகிறது. பொய்யான லாபத்தைப் பார்த்துத்தான் முதலாளி டிவிடெண்ட் பற்றிப் பேசத் தொடங்குவார்.

இரண்டாவது, நடப்புப் பகுதி என்று அடுத்த வருடத்துத் தவணை 76,367ஐ அப்படியே எடுத்துப் போடுவது. அதில் இன்னும் வராத வட்டியும் சேர்ந்திருக்கிறது. வராத வட்டி இன்றைக்குக் கடன் ஆகாது. அடுத்த 12 மாதத்தில் அசல் எவ்வளவு குறையும் என்று தவணை அட்டவணையில் பார்த்தால் சுமார் 49,872 வரும். அது நடப்புக் கடன். மீதி 5,02,683 நீண்டகாலக் கடன். இரண்டையும் கூட்டினால் வங்கி சொல்லும் 5,52,555 கிடைக்க வேண்டும், கிடைக்காவிட்டால் மேலே போகாதீர்கள்.

இந்த அட்டவணையை நீங்களே எக்செலில் போட்டுப் பாருங்கள். மாத ஆரம்ப நிலுவை, வட்டி, அசல், மாதக் கடைசி நிலுவை, நான்கே பத்தி. லோனை உண்மையாகப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. மத்திய வங்கியான பேங்க் நெகாரா நிர்ணயிக்கும் அடிப்படை வட்டி விகிதமான ஓ.பி.ஆரோடு சேர்ந்து வட்டி மாறும் லோனாக இருந்தால், பேங்க் நெகாரா அதை மாற்றி வங்கி புதுக் கடிதம் அனுப்பும் ஒவ்வொரு முறையும் அட்டவணையைத் திருத்த வேண்டும். 2020 ஏப்ரல் 1 முதல் சிறு நடுத்தரத் தொழில்களுக்கு 6 மாதம் தவணை ஒத்திவைப்பு வந்தது நினைவிருக்கும். அப்போது தவணை நின்றது, வழக்கமான லோன்களில் வட்டி நிற்கவில்லை. அந்தச் சமயத்தில் இருந்த லோன் இன்னும் ஓடுகிறதென்றால், பழைய அட்டவணையை நம்பாமல் வங்கியிடமிருந்து புதியதைக் கேட்டு வாங்குங்கள்.

இஸ்லாமிய வங்கிக் கடனுதவி என்றால் வட்டி என்று சொல்லாமல் லாப விகிதம் என்பார்கள், ஒப்பந்தத்தின் அமைப்பும் வேறு. ஆனால் நடப்பு, நீண்டகாலம் என்று பிரிக்கும் வேலை அதேதான்.

நிபந்தனைகள்

லெட்டர் ஆஃப் ஆஃபரின் பின்பக்கங்களில் நிபந்தனைகள் வரிசையாக இருக்கும். கடன் மூலதனத்தைப் போல இத்தனை மடங்குக்கு மேல் போகக்கூடாது, வங்கியின் ஒப்புதல் இல்லாமல் டிவிடெண்ட் கொடுக்கக்கூடாது, டைரக்டர் போட்ட பணத்தை வங்கிக் கடன் முடியும்வரை எடுக்கக்கூடாது, இப்படி. கணக்கு முடிவதற்குள் இதில் ஒன்று மீறப்பட்டு, அதனால் முழுக் கடனையும் உடனே கேட்கும் உரிமை வங்கிக்கு வந்துவிட்டால், மேலே பார்த்த 5,02,683 ரிங்கிட்டும் நடப்புப் பக்கம் வந்து உட்கார்ந்துவிடும். தவணை ஒன்றுகூடத் தவறாமல் கட்டியிருந்தாலும் அப்படித்தான். பிப்ரவரியில் வங்கி ‘பரவாயில்லை, கேட்க மாட்டோம்’ என்று கடிதம் கொடுத்தாலும் டிசம்பர் 31 கணக்கு மாறாது. அந்தக் கடிதம் டிசம்பர் 31க்குள் கையில் இருந்திருக்க வேண்டும், அடுத்த 12 மாதத்துக்காவது கேட்க மாட்டோம் என்று அதில் இருக்கவும் வேண்டும். அதனால் மீறல் வரும்போலத் தெரிந்தால் நவம்பரிலேயே வங்கி மேனேஜரைப் போய்ப் பாருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. எம்.எஃப்.ஆர்.எஸ் கம்பெனிகள் 2024 ஜனவரி 1 முதல், 12 மாதத்துக்குள் பூர்த்தி செய்ய வேண்டிய நிபந்தனைகளைப் பற்றிக் குறிப்பில் விளக்கவும் வேண்டும்.

சில லோன் கடிதங்களில், காரணம் எதுவும் இல்லாமலேயே வங்கி எந்த நேரமும் முழுப் பணத்தையும் திரும்பக் கேட்கலாம் என்று ஒரு வரி இருக்கும். அந்த வரி இருந்தால் ஒத்திப்போடும் உரிமை கம்பெனியிடம் இல்லை என்று பொருள். கண்ணில் பட்டவுடன் அடிக்கோடிட்டு ஆடிட்டரிடம் காட்டுங்கள்.

ஹயர் பர்ச்சேஸ்

வேன், லாரி, ஃபோர்க்லிஃப்ட் எல்லாம் இப்படித்தான் வருகின்றன. 80,000 ரிங்கிட் கடன், 5 வருடம், ஃபிளாட் 3.5 விழுக்காடு என்று வையுங்கள். வட்டி 14,000, மொத்தம் 94,000, மாதம் 1,566.67. ஃபிளாட் என்றால் கடன் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி முதல் தொகைக்கே கணக்கிடப்படுகிறது, அதனால் உண்மையான விகிதம் ஏறக்குறைய 6.5 விழுக்காடு. விற்பனையாளர் சொன்ன 3.5ஐ டெர்ம் லோனின் 5 விழுக்காட்டோடு ஒப்பிட்டு ‘இது மலிவு’ என்று முடிவு செய்யும் முதலாளிகளுக்கு இதைத் தாளில் போட்டுக் காட்டுங்கள்.

பதிவு செய்யும்போது 94,000ஐக் கடன் பக்கம் எழுதி, வராத வட்டி 14,000ஐத் தனிக் கணக்கில் வைத்து, ஐந்தொகையில் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து 80,000 என்று காட்ட வேண்டும். மாதாமாதம் வட்டி செலவுக்குப் போகப் போக அந்தத் தனிக் கணக்கு கரையும். பிரிக்கும் முறை டெர்ம் லோன் போலவே, அசல் மட்டும்.

டைரக்டருக்குத் தர வேண்டியது

நம் குடும்பக் கம்பெனிகளில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்த வரிதான். கம்பெனிக்குப் பணம் குறையும்போது அப்பா தன் சேமிப்பிலிருந்து போடுவார், அண்ணன் கிரெடிட் கார்டில் சரக்கு வாங்குவார், அம்மாவின் நகை அடகுக்குப் போகும். எல்லாம் ஒரே கணக்கில், ‘டைரக்டருக்குத் தர வேண்டியது’ என்று சேர்ந்துகொண்டே போகும். எந்த எழுத்தும் இருக்காது. கணக்குக் குறிப்பில் ‘அடமானமற்றது, வட்டியில்லாதது, கேட்டவுடன் திருப்பித் தரவேண்டியது’ என்று ஒரு வரி வரும்.

கேட்டவுடன் தரவேண்டியது என்றால் நடப்புக் கடன். அப்பா கேட்கவே மாட்டார் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், ஆனால் கணக்கு உரிமையைப் பார்க்கும், மனதைப் பார்க்காது. இதனால் நல்ல கம்பெனிகூட ஐந்தொகையில் நடப்புச் சொத்தைவிட நடப்புக் கடன் அதிகமாகத் தெரிந்து, வங்கியில் லோன் கேட்கும்போது சிரமப்படுகிறது. அப்பா உண்மையிலேயே ஒரு வருடத்துக்கு மேல் கேட்கப்போவதில்லை என்றால், கணக்கு முடியும் தேதிக்கு முன்பே அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கட்டும், அப்போது அது நீண்டகாலப் பக்கம் போகும். வட்டியில்லாமல் பல வருடத்துக்கு என்று தேதி குறித்துவிட்டால், அதை இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் காட்ட வேண்டி வரலாம், அந்தக் கணக்கை ஆடிட்டரோடு உட்கார்ந்து போடுங்கள்.

எழுத்து இன்னொரு காரணத்துக்கும் வேண்டும். அப்பா காலமான பிறகு அந்தத் தொகை அவருடைய சொத்தில் சேரும், பங்கு கேட்கும் உரிமை எல்லா வாரிசுகளுக்கும் வரும். எழுத்தே இல்லாத இரண்டு லட்சம் ரிங்கிட்டுக்காக அண்ணன் தம்பி பேசாமல் போவது நம் ஊரில் புதிதல்ல.

வாடகை, கடையைத் திரும்ப ஒப்படைப்பது

ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய கடைவீட்டை மூன்று வருட ஒப்பந்தத்தில் வாடகைக்கு எடுத்திருக்கிறீர்கள். எம்.பி.இ.ஆர்.எஸ் கம்பெனியாக இருந்தால் சாதாரண வாடகை மாதச் செலவாகப் போகும், ஐந்தொகையில் கடனாக வராது, இன்னும் கட்ட வேண்டியது குறிப்பில் மட்டும் வரும். எம்.எஃப்.ஆர்.எஸ் கம்பெனிகளுக்கு 2019 ஜனவரி 1இல் எம்.எஃப்.ஆர்.எஸ் 16 நடைமுறைக்கு வந்ததிலிருந்து, குறுகிய காலம், சிறு மதிப்பு போன்ற விலக்குகள் தவிர, வரப்போகும் வாடகையெல்லாம் கடனாக ஐந்தொகைக்குள் வந்துவிட்டது. நிறையக் கிளை வைத்திருக்கும் பட்டியலிட்ட கம்பெனியையும் உங்கள் கம்பெனியையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடும்போது இதை மறக்காதீர்கள்.

ஆனால் எந்த விதியில் இருந்தாலும் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைப் படிக்க வேண்டும். காலி செய்யும்போது நீங்கள் போட்ட குளிர் அறை, தடுப்புச் சுவர், தரை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு முன்பிருந்தபடி ஒப்படைக்க வேண்டும் என்று இருக்கும். ஜார்ஜ்டவுன் 2008இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அந்த எல்லைக்குள் இருக்கும் பழைய கட்டடத்தில் இந்த வேலை இன்னும் கவனமாகச் செய்ய வேண்டியது. குளிர் அறையைப் பொருத்திய அன்றே அதை அகற்றும் கடமையும் வந்துவிட்டது. மூன்று வருடம் கழித்து 30,000 ரிங்கிட் ஆகும் என்று ஒப்பந்தக்காரர் எழுதித் தந்தால், 5 விழுக்காட்டில் இன்றைய மதிப்பு சுமார் 25,915. அதை நீண்டகால ஒதுக்கீடாக, அதாவது பின்னால் நிறைவேற்ற வேண்டிய கடமைக்கான கடனாகக் காட்டி, அதே அளவைச் சொத்தின் விலையில் சேர்த்துத் தேய்மானம் போட வேண்டும். முதல் வருடக் கடைசியில் 1,296 வட்டிச் செலவாகச் சேர்ந்து ஒதுக்கீடு வளரும்.

ஒதுக்கீடு போட மூன்று விஷயம் பொருந்த வேண்டும்: நடந்து முடிந்த ஒன்றால் இப்போதே கடமை இருக்க வேண்டும், பணம் வெளியே போக வாய்ப்பு அதிகம் இருக்க வேண்டும், தொகையை நம்பும்படி மதிப்பிட முடிய வேண்டும். அடுத்த வருடம் கடைக்குப் பெயிண்ட் அடிக்கலாம் என்ற எண்ணத்துக்கெல்லாம் ஒதுக்கீடு போட முடியாது.

ஊழியர் ஓய்வுப் பணம் பற்றியும் கேட்பார்கள். இ.பி.எஃப் (ஊழியர் சேமநிதி) பங்கைக் கட்டிவிட்டால் கம்பெனியின் கடமை அந்த மாதத்தோடு முடிந்தது. டிசம்பர் பங்கை ஜனவரி 15க்குள் கட்ட வேண்டும், அது நடப்புக் கடன். ஓய்வு பெறும்போது தனியாகப் பணிக்கொடை தருவோம் என்று ஒப்பந்தம் இருந்தால் மட்டும் நீண்டகாலக் கணக்கு வரும்.

ஒத்திவைத்த வரி

நீண்டகாலப் பகுதியில் புதியவர்களைப் பயமுறுத்தும் வரி இது. யாருக்கும் உடனே செக் எழுத வேண்டியதில்லை. ஒரு மிளகாய் அரைக்கும் இயந்திரம் 1,00,000 ரிங்கிட். கணக்கில் வருடம் 10 விழுக்காடு தேய்மானம், புத்தக மதிப்பு 90,000. வருமான வரிக்கோ முதல் வருடமே தொடக்கச் சலுகை 20, ஆண்டுச் சலுகை 14, ஆக 34 விழுக்காடு கழித்துக்கொள்ளலாம், வரிக் கணக்கில் மீதி 66,000. வித்தியாசம் 24,000. இன்றைக்கு 24,000க்கு வரி கட்டாமல் தப்பித்திருக்கிறீர்கள், பின்வரும் வருடங்களில் வரிக் கழிவு குறையும்போது அது திரும்பி வரும். 24 விழுக்காட்டில் 5,760 ரிங்கிட், அதுதான் ஒத்திவைத்த வரி. சிறு கம்பெனிகளுக்கு முதல் 1,50,000க்கு 15, அடுத்து 6,00,000 வரை 17 என்று குறைந்த விகிதம் இருப்பதால், எந்த விகிதத்தைப் பயன்படுத்தினார் என்று ஆடிட்டரிடம் கேளுங்கள். இது எப்போதும் நீண்டகாலப் பக்கம்தான், பிரிக்க வேண்டியதில்லை.

ஐந்தொகையில் வராத கடன்

கடைசியாக, குறிப்புகளைப் படியுங்கள். கம்பெனி யாருக்காவது ஜாமீன் கொடுத்திருக்கிறதா? தம்பி தனியாகத் தொடங்கிய கம்பெனியின் லோனுக்கு இந்தக் கம்பெனி கார்ப்பரேட் கேரண்டி கொடுத்திருந்தால், தம்பி ஒழுங்காகக் கட்டும்வரை அது குறிப்பில் ஒரு பத்தியாக இருக்கும், அவர் கட்டத் தவறினால் இங்கே கடனாக முளைக்கும். வழக்கு நிலுவையில் இருந்தால் அதுவும் இங்கேதான்.

டைரக்டர் தனிப்பட்ட ஜாமீன் கொடுத்திருப்பதும் கடன் குறிப்பில் எழுதப்பட்டிருக்கும். நான்கு டைரக்டர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் ஆளுக்குக் கால் பங்கு என்று நம்புகிறவர்கள் நிறைய. வங்கியின் படிவங்களில் வழக்கமாகக் கூட்டாகவும் தனித்தனியாகவும் என்று இருக்கும், அதாவது முழுத் தொகையையும் ஒருவரிடமே கேட்கலாம். டைரக்டர் பதவியை விட்டு விலகினாலும், வங்கி எழுதி விடுவிக்கும்வரை ஜாமீன் உங்களை விடாது. விலகும் தம்பி தங்கைகள் எஸ்.எஸ்.எம் படிவத்தோடு நிற்காமல் வங்கிக்கும் போக வேண்டும்.

பழகிப் பார்க்க, பர்சா மலேசியா இணையத்தளத்தில் ஏதாவது ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கையை இலவசமாக இறக்குங்கள். கடன் குறிப்பில் லோன், ஹயர் பர்ச்சேஸ், சுக்குக் (இஸ்லாமிய முறைக் கடன் பத்திரம்) எல்லாம் நடப்பு, நீண்டகாலம் என்று பிரித்துக் காட்டியிருப்பார்கள். சுக்குக் பெரிய கம்பெனிகளின் வழி. நாம் கோலாலம்பூருக்கு ஓட்டிப்போகும் நெடுஞ்சாலையை நடத்தும் பிளஸ் 2012இல் 30.6 பில்லியன் ரிங்கிட்டுக்கு அப்படித் திரட்டியது. பணப்புழக்க அபாயம் பற்றிய குறிப்பில் ஒரு வருடத்துக்குள், ஒன்றிலிருந்து ஐந்து வருடத்துக்குள், அதற்கு மேல் என்று இன்னொரு அட்டவணை வரும். அதில் வரப்போகும் வட்டியும் சேர்ந்திருப்பதால் மொத்தம் ஐந்தொகையோடு ஒத்துப்போகாது, குழம்ப வேண்டாம். அந்த அட்டவணையில் ஒரு வருடத்துக்குள் என்ற முதல் பத்தியில் இருக்கும் தொகையையும், கம்பெனி அந்த வருடம் வியாபாரத்திலிருந்து கையில் சேர்த்த ரொக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். அதையே உங்கள் கம்பெனிக்கும் ஒரு தாளில் போட்டு, கையெழுத்துக்கு முன்னால் ஆடிட்டர் முன் வைத்துவிட்டுக் கேளுங்கள்: அடுத்த டிசம்பருக்குள் இதை எங்கிருந்து கட்டப்போகிறோம்?